ஏழு பத்து மெட்ராஸ்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு
முருகேஷ்பாளையத்து என் மொட்டைமாடிக்கு
மூன்று பேர் வருவார்கள்.
அல்சூரிலிருந்து லாரன்ஸ்,
தொம்மலூர் டயர்க்கடை முனிரத்தினம்,
முழங்கால் உறையோடு ஜெசிந்தா டீச்சர்,
படிக்கு ஒரு தடவை நின்று.

வானத்தில் ஒன்றுமில்லை.
விமான நிலையத்தை தேவனஹள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போய்
எத்தனையோ வருஷம்.
எப்போதாவது ஒரு சோதனை ஹெலிகாப்டர்.
முனிரத்தினம் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான்.
"மிக்ஸிக்கு யாராவது அண்ணாந்து பார்ப்பானா?"

டீச்சரிடம் பதினொரு நோட்டுகள்.
வி.டி. என்று தொடங்கும் ஐந்தெழுத்து,
தேதி, நேரம்,
சக்கரம் தரைதொட்டபோது புகை வெள்ளையா கறுப்பா.
பக்தர்களுக்கு ஓர் ஐந்தெழுத்து போதும்.
எங்களுக்கு அறுபது எழுபது இருந்தன.
எது எந்த ஊர் வெயிலில்
இறக்கை கழற்றப்பட்டு எடைக்குப் போனது என்பதும்
சிவப்பு மையில் இருக்கிறது.

லாரன்ஸ் ஒருவன்தான் கேரவெல்லில் ஏறியவன்.
ஏறியவன் என்றால், கூட்டிப் பெருக்க.
மூலை மழுங்கிய அந்த முக்கோண ஜன்னல்களை
உள்ளிருந்து துடைத்த கை இது என்று
வலது கையைத் தூக்கிக் காட்டுவான்.
எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வயிறுதான்.
ரிவெட் ரிவெட்டாக, எண்ணெய் வழிந்த கோடுகளோடு,
துணிக்கொடிக்கு மேலே,
எம்பினால் தொட்டுவிடலாம் போல.

இந்தப் பேட்டையில் பேச்சுக்கே ஒரு முறை இருந்தது.
விமானம் வந்தால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி
வாயைத் திறந்தபடி காத்திருப்போம்.
கறிக்கடைக்காரர் விலை சொல்லாமல்
கத்தியைத் தூக்கிப் பிடித்திருப்பார்.
பாதிரியார் 'பிதா, சுதன்' வரை வந்து நிற்பார்.
போனதும், விட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம்.
எங்களுக்குப் பரம்பரைத் திக்குவாய் என்று
ஒரு சம்பந்தமே தட்டிப்போனது.

ஏழு பத்துக்கு டேப்பைப் போடுவேன்.
எண்பத்தேழு, பிப்ரவரி, இதே மாடி.
எழுநூற்று முப்பத்தேழு, இருநூறு ரகம்.
சுருட்டு போல ஒல்லியாய் என்ஜின் இரண்டு.
மெட்ராஸுக்கு.
முதலில் காகம். குக்கர் விசில்.
அந்த இடத்தில் நான் இருமுவேன்.
பிறகு தூரத்தில் யாரோ
காடாத் துணியை முனையிலிருந்து
கிழிக்கத் தொடங்குவது போல.
கிழித்துக்கொண்டே வந்து
நம் தலைக்கு மேல் இரண்டாக்குவது போல.

லாரன்ஸ் கண்ணை மூடிக்கொள்வான்.
முனிரத்தினத்தின் டம்ளரில் டீ நடுங்கும்,
ஸ்பீக்கரால்தான்.

போன ஞாயிறு, முதல் தடவை ஓடி முடிந்ததும்
மாடிக் கதவு தட்டப்பட்டது.
மூன்றாம் மாடிப் பையன், தோளில் ஆறு மாதம்.
"ஸ்வல்ப கம்மி மாடி, அங்கிள். கூசு மலகிதே."
ஐம்பது டன் தலைமேல் போன காலத்தில்
ஒருவரும் தட்டாத கதவு.
டீச்சர் சிரித்துவிட்டாள்.

குறைத்து வைத்து மறுபடி போட்டேன்.
நான்கு தலைகள் பெட்டியருகே குனிந்தன,
ஒரே தட்டில் சாப்பிடப் போகிறவர்களைப் போல.
காகம். குக்கர்.
இரும மறந்துவிட்டேன்.

"இந்தாங்க, ஒண்ணு சொல்லணும். நாளையிலிருந்து நான்"

அதற்குள் விமானம்.
முப்பத்தெட்டு விநாடி.
அது போனதும் சம்பூர்ணம்
விட்ட சொல்லிலிருந்து தொடங்கியிருப்பாள்,
இந்தப் பேட்டைக்காரிதானே.
நானோ வால் மறைந்ததுமே பொத்தானை அமுக்கியிருக்கிறேன்.
காசெட் விலை அப்படி.
என்ஜின் ஓசை எனக்கு இன்றும் வாயாலேயே வரும்.
நாளையிலிருந்து அவள் என்ன என்பது
அவள் போய் ஆறு வருஷமாகியும் வரவில்லை.

"யாரு அது, பேசுறது?"
டீச்சர் பேனாவை மூடாமல் கேட்டாள்.

சொல்ல வாயைத் திறந்தேன்.
பழக்க தோஷம்,
திறந்தபடியே
காத்திருந்தேன்.